ஒப்புக்குச் சப்பாணி

பரணிலிருந்து இறக்கிய விளையாட்டுப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை என்னைத் தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குக் கொண்டுபோனது.

செங்கல்பட்டு வீட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு வீரனாகி, பகடை உருட்டி, கதைக்குள் நடப்போம். கதை சொல்வது என் நண்பன் யூசுப். ஆங்கில விதிப்புத்தகம் பாதிதான் புரிந்தது. மீதியைத் தெரு விளையாட்டிலிருந்து நிரப்பினான். அரக்கனை அவன் ஊரான சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் குடிவைத்தான். சின்னவளான என் தங்கை கலாவை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்தான். அவள் பகடை உருட்டலாம். எந்த எண் விழுந்தாலும் கணக்கில்லை, சாவும் இல்லை.

ஒருநாள் அரக்கனிடம் நாங்கள் எல்லோரும் மாண்டோம். கலா மட்டும் அழுதாள்.

“இன்னாம்மா, நீதான் உசுரோட கீறியே!” என்றான் யூசுப்.

“என்னையும் சாவடி, யூசுப் அண்ணா!”

அவன் மசியவில்லை.

நேற்று என் மகனுக்கு அந்த விளையாட்டை நான் கற்றுத்தந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த கலாவும் ஆட உட்கார்ந்தாள். ஒன்று விழுந்தால் சாவு. முதல் சுற்றிலேயே அவளுக்கு ஒன்று விழுந்தது.

“அத்தை, பாவம், இன்னொரு வாட்டி போடுங்க” என்றான் மகன்.

“அதெல்லாம் முடியாது. நான் செத்தாச்சு!”

நாற்பதை நெருங்கும் கலா கண்களை மூடித் தரையில் சாய்ந்தாள். சிரிப்பை மட்டும் அவளால் அடக்க முடியவில்லை.