ஆந்திரா பெட்ரோல் ஒரு லிட்டர்

எங்க வீட்டுக்காரர நல்ல மனுஷன்னு யாராவது சொன்னா எனக்கு உடம்பெல்லாம் எரியும். குடிக்க மாட்டாரு, சீட்டாட மாட்டாரு, என் மேல கை வெச்சதில்ல. எல்லாம் நெசந்தான். தெருவுல இருக்கிற பொம்பளைங்க "உனக்கு இன்னாடி கொறச்சல்"னு கேக்கறப்ப நானும் பல்ல இளிச்சிக்கினு நிப்பேன். ஒரே ஒரு நாளு அவரு கூட கார்ல குந்திக்கினு திருப்பதி வரைக்கும் போயிட்டு வாங்கடி, அப்புறம் பேசலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிடுவேன்.

நாங்க இருக்கிறது சித்தூர்ல. வேலூர் ரோட்ல அரை மணி நேரம் போனா தமிழ்நாடு வந்துடும். அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபா கம்மி. பார்டர்ல இருக்கிற பங்க்குங்க எல்லாத்துலயும் தெலுங்குல பெரிசு பெரிசா போர்டு வெச்சிருப்பான், இங்கயே ரொப்பிக்கோங்க, ஆந்திராவுல ரேட்டு ஜாஸ்தின்னு. சித்தூர்ல கார் வெச்சிருக்கிறவன்ல பாதிப் பேரு அங்கதான் போயி ரொப்பிக்கினு வருவான். அதுல ஒண்ணும் தப்பில்ல. நான் கூட கத்திரிக்காய்க்கு நாலு கடை ஏறி எறங்கறவதான். ஆனா இவருக்கு அது சிக்கனம் இல்ல, விரதம். "இந்தக் கார் வாங்கின நாள்லருந்து ஆந்திரா பெட்ரோல் ஒரு சொட்டு உள்ள போனதில்ல"ன்னு கல்யாண வீட்ல, சாவு வீட்ல, எவன் கெடைச்சாலும் புடிச்சி வெச்சிக்கினு சொல்லுவாரு.

அதோட வுட்டாரா? ஏசி போட்டா பெட்ரோல் துன்னுமாம், போடக் கூடாது. சரி, கண்ணாடிய எறக்கலாம்னா காத்து உள்ள பூந்து வண்டிய இழுக்குமாம், மைலேஜ் போயிடுமாம், அதுவும் கூடாது. சித்தூரு மே மாச வெயில்ல நாங்க ரெண்டு பேரும் இட்லி மாதிரி வெந்துக்கினு போவோம். எறக்கம் வந்தா நியூட்ரல். சிக்னல் வந்தா இஞ்சின் ஆஃப். பச்சை வுழுந்தப்புறம் இவரு சாவி திருப்பறதுக்குள்ள பின்னால இருக்கிறவன் ஹாரன் அடிச்சி எங்க வம்சத்தையே இழுப்பான். கனம் கொறையட்டும்னு ஸ்டெப்னி டயரையே கழட்டி வீட்டு மாடிப்படி கீழ வெச்சிட்டாரு மகானுபாவரு. பஞ்சர் ஆனா இன்னா பண்றதுன்னு கேட்டேன். "ஏம்மே வாய வெக்கற"ன்னு என்னையே திட்னாரு.

இதெல்லாம் சகிச்சிக்கலாம், சகிச்சேன். அந்த ஜூன் மாசம் நடந்தத மட்டும் என்னால சகிச்சிக்க முடியல. இப்பவும் முடியல.

எங்க நைனா கரும்பு வெட்டப் போனவரு. சொந்தமா ஒரு குழி நெலம் இல்லாத குடும்பம். அதுல மொத மொதல்ல டீச்சர் டிரெயினிங் முடிச்சவ நான். தமிழ்ல படிச்சவ. எங்க ஜில்லாவுல தமிழ் மீடியம் ஸ்கூலுங்க கொஞ்சம் இருக்குது, பார்டர் ஓரமா. அதுக்குன்னு கவர்மெண்ட்ல டீச்சர் போஸ்ட்டு போடுவாங்க. எப்ப போடுவாங்க? மனசு வந்தா போடுவாங்க. வருஷக் கணக்குல ஒண்ணும் வராது, வந்தா கை விரல் அளவுக்கு வரும். நான் காத்துக்கினே இருந்தேன். கல்யாணம் ஆச்சி, ரெண்டு பசங்க ஆச்சி, ஒரு பிரைவேட் ஸ்கூல்ல எல்கேஜி பசங்களுக்கு மூக்கு தொடச்சி வுட்டுக்கினு கெடந்தேன். கடைசியா நோட்டிபிகேஷன் வந்தப்ப பாத்தா, அந்தத் தடவையோட என் வயசு வரம்பு முடியுது. அடுத்த தடவை அப்ளிகேஷனே போட முடியாது.

ஆறு மாசம் படிச்சேன். விடியக் காலம் நாலு மணிக்கு எழுந்து, அடுப்புல ஒலைய வெச்சிட்டு, அந்தச் சூட்டுலயே குந்திக்கினு படிச்சேன்.

சென்டரு திருப்பதி தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல. கம்ப்யூட்டர் பரீட்சை. ஒம்போது மணிக்கு கேட் மூடிடுவாங்க, ஒரு நிமிஷம் லேட்டானாலும் உள்ள வுட மாட்டாங்கன்னு ஹால் டிக்கெட்லயே போட்டிருந்துச்சி. நான் விடியக்காலம் பஸ்ஸுக்குப் போறேன்னுதான் சொன்னேன். இவருதான், "வீட்ல காரு நிக்கும்போது பஸ்ல நசுங்கிக்கினு போவணுமா? நான் இட்டுக்கினு போறேன், நீ பின்னால குந்திக்கினு படிச்சிக்கினு வா"ன்னாரு. பதினாலு வருஷத்துல அந்த மாதிரி ஒரு வார்த்தை அவரு வாயிலருந்து வந்ததில்ல. நான் கரைஞ்சிட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

அவருக்கு பங்காருபாளையம் பக்கம் மாம்பழக் கூழ் எடுக்கிற பேக்டரியில சூப்பர்வைசர் வேலை. ஜூன் மாசம்னா சீசன், ஞாயித்துக்கெழமை கூட லீவு கெடையாது. அதனால ரெண்டு வாரமா பார்டருக்குப் போயி டேங்க் ரொப்பல. பெட்ரோல் முள்ளு கீழ கெடக்குது. பரீட்சைக்கு மொத நாளு சாயங்காலமே, "ஏங்க, நாளைக்கி ஒரு நாளு இங்கயே போட்டுடுங்க"ன்னு கெஞ்சினேன். "ரிசர்வ் இருக்குதும்மே. திருப்பதி வரைக்கும் தாராளமா போவும். கணக்குப் பண்ணிட்டேன்"னாரு. திரும்பி வர்றதுக்கு இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டா, "அத அப்ப பாத்துக்கலாம்"னாரு.

அன்னிக்கி ஒரு நாளு பேக்டரிக்கு லீவு சொல்லிட்டாரு. ஏழு மணிக்கு கெளம்பினோம். பூதலப்பட்டு தாண்டறதுக்குள்ளயே சிவப்பு லைட் எரிய ஆரம்பிச்சிடுச்சி. நான் புக்க மூடிட்டு அந்த லைட்டையே பாத்துக்கினு வந்தேன். வழியில எத்தினி பங்க்கு! ஒவ்வொண்ணும் வர்றப்ப அவரு தோளத் தொட்டேன். "நீ படி"ன்னாரு.

சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால வண்டி ரெண்டு தடவை இருமிச்சி. நின்னுடுச்சி. எட்டு அடிச்சி பத்து நிமிஷம்.

அவரு எறங்கி, தண்ணி பாட்டில எடுத்து இருந்த தண்ணியக் கீழ ஊத்திட்டு, போற ஒரு பைக்க நிறுத்தி பின்னால ஏறிக்கினாரு. "இதோ அஞ்சு நிமிஷம், எங்கயும் போயிடாத"ன்னாரு. நான் ரோட்டோரம் நின்னுக்கினு கை காட்றேன். ரெண்டு பஸ்ஸு வந்துச்சி, ரெண்டும் நிக்கல. ஹைவேயில எவன் நிறுத்துவான்? பொடவைத் தலைப்பால மூஞ்சத் தொடச்சிக்கினு, சாமி சாமின்னு நின்னேன். அஞ்சு நிமிஷம் கால் மணியாச்சி. வந்து எறங்கறாரு. கையில அந்தப் பாட்டிலு. ஒரு லிட்டரு. ஒரே ஒரு லிட்டரு.

சரி, ஒழியட்டும், ஊத்துங்கன்னேன். வண்டி கெளம்பிச்சி. நாப்பதுல போறாரு.

"வேகமா போங்க."

"இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்குதும்மே. நாப்பதுல போனாதான் லிட்டருக்கு இருபத்தஞ்சு குடுக்கும். அழுத்தினா நடுவுலயே நின்னுடும்."

"ந்தா பங்க்கு வருது. ரெண்டு லிட்டரு போட்டுக்கினு அழுத்துங்க. உங்க கால்ல வுழறேன்."

"பங்க்ல க்யூல நின்னா அதுல அஞ்சு நிமிஷம் போயிடும். இதே போதும். கணக்குப் பண்ணிட்டேன்னு சொல்றேன் இல்ல?"

பங்க்கு போயிடுச்சி. ஒரு வண்டி கூட அங்க நிக்கல. லாரிங்க எங்கள முந்திக்கினு போச்சி. டிராக்டர் ஒண்ணு முந்திக்கினு போச்சி. நான் கத்தினேன். வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சி. அவரு ரோட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பாத்துக்கினு, கால அதே எடத்துல வெச்சிக்கினு ஓட்னாரு.

காலேஜ் வாசல்ல வண்டி நின்னுச்சி. இவரு என் பக்கம் திரும்பி, "கரெக்டா கொண்டாந்துட்டேன் பாத்தியா!"ன்னாரு. மூஞ்செல்லாம் சிரிப்பு. கேட் மூடியிருக்கிறத அவரு பாக்கவே இல்ல. மணி ஒம்போது நாலு.

நான் ஓடிப் போயி கேட்டப் புடிச்சிக்கினு ஆட்னேன். உள்ள ஒரு பொம்பளை போலீஸ். தெலுங்குல, தமிழ்ல, ரெண்டும் கலந்து இன்னா இன்னாவோ சொல்லி அழுதேன். இதுதான்மா என் கடைசின்னேன். அந்தம்மாவுக்கும் கண்ணு கலங்கிடுச்சி. "நேனு ஏமி செய்யலேனம்மா"ன்னாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னு. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களா நாப்பதுல ஓட்னாங்க?

திரும்பி வர்றப்ப ஒரு பங்க்ல நிறுத்தினாரு. வேற வழியில்ல, டேங்க் காலி. நாலு லிட்டரு போடுன்னாரு. சித்தூரு தாண்டி பார்டர் வரைக்கும் போவ கரெக்டா எவ்வளோ வேணுமோ அவ்வளோ. நான் கதவத் தொறந்துக்கினு எறங்கி நடந்து, பஸ் ஸ்டாப்புக்குப் போயி பஸ் ஏறிட்டேன். அவரு பின்னாலயே ஹாரன் அடிச்சிக்கினு கொஞ்ச தூரம் வந்தாரு. நான் திரும்பல.

கொஸ்டின் பேப்பரும் ஆன்சர் கீயும் அப்புறமா நெட்ல வுட்டாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை பசங்கள பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, போன்ல நேரம் வெச்சிக்கினு, அந்தப் பேப்பர நான் எழுதினேன். ஏன் எழுதினேன்னு கேக்காதீங்க. எழுதாம இருக்க முடியல. கீய வெச்சி நானே திருத்தினேன். ஒரு மார்க் கூட எனக்கு நானே சும்மா போட்டுக்கல. கொஞ்ச நாள் கழிச்சி செலக்ஷன் லிஸ்ட் வந்துச்சி. தமிழ் மீடியத்துல கடைசியா எடுத்த டீச்சரம்மாவ விட எனக்கு ஒம்போது மார்க் ஜாஸ்தி. அந்தம்மா இப்ப சாந்திபுரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல இருக்கறாங்களாம். நல்லா இருக்கட்டும். அவங்க மேல எனக்கு இன்னா கோவம்.

நான் திருத்தின பேப்பரையும் அந்த லிஸ்ட்டையும் அவரு முன்னால போட்டேன். சோறு துன்னுக்கினு இருந்தாரு. ரெண்டையும் பாத்தாரு, மறுபடியும் மொதல்லருந்து பாத்தாரு. கை காயற வரைக்கும் தட்டு முன்னால குந்திக்கினு இருந்தாரு. மன்னிச்சிக்கோன்னு ஒரு வார்த்தை வரல. நானும் எதிர்பாக்கல, வந்திருந்தா மூஞ்சில துப்பியிருப்பேன்.

அதுக்கு அடுத்த வாரம் சாயங்காலம் வேலை முடிஞ்சி வந்தாரு. செருப்பு கூட கழட்டல. நான் வாசல்ல கோலப்பொடி டப்பாவோட நின்னுக்கினு இருக்கேன். பூ வாங்கியாந்தவன் மாதிரி கூச்சப்பட்டுக்கினு பக்கத்துல வந்து மெதுவா சொல்றாரு:

"இன்னிக்கி நம்ம சித்தூர்லயே போட்டுட்டேம்மே. ஃபுல் டேங்க்."

"எங்க போறதுக்கு?"ன்னு கேட்டேன்.