வேட்டிக்குள் ஒரு குழாய்

கிள்ளானில் ஒரு லோரி என் மோட்டாரை இடித்துத் தள்ளியபோது நான் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தேன். இடுப்பெலும்பில் விரிசல். நிறைந்திருந்த சிறுநீர்ப்பையும் கிழிந்துவிட்டது.

பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "மேல்பக்கம் கிழிஞ்சிருந்தா அறுத்துத்தான் ஆகணும் அங்கிள். உங்களுக்குக் கீழ்ப்பக்கம்தான். குழாய் வழியா மூத்திரம் வெளியே ஒரு பைக்குப் போய்க்கிட்டே இருந்தா தானா ஆறிடும். குழாயை மட்டும் கழற்றாதீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து பிரிக்பீல்ட்ஸில் மகள் கல்யாணம். என் அக்கா வீட்டுக்கு வந்து குதித்தாள்.

"மூத்திரத்தைத் தொங்கவிட்டுக்கிட்டு மணவறையில உட்காருவியா? காலையில கழற்றிட்டு, சாப்பாடு முடிஞ்சதும் மாட்டிக்கலாம்லா."

"அது என்ன செருப்பா?"

"அப்ப என் வீட்டுக்காரர் தாரை வார்க்கட்டும்."

எனக்குக் கொதித்தது. வளர்த்தது நான், தாரை வார்ப்பது அவரா? ஒரு காலைப் பொழுதுதானே, கழற்றிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்குள் மகள் அறையிலிருந்து வந்தாள்.

"சின்னப் பிள்ளையில நான் அப்பா மேல எத்தனை தடவ ஒண்ணுக்குப் போயிருப்பேன், அத்தை? அப்பாதான் வார்க்கணும். பையோட வரட்டும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பையைத் தொடையில் கட்டி, மேலே பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். கீழே உட்கார முடியாது, நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் மூக்கைப் பொத்தினார்.

"மூடின பை, பாஸ். உங்க சென்ட்தான் நாறுது" என்றேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள். இடிக்கட்டும். மகள் கையைப் பிடித்துத் தாரை வார்த்தவன் நான். ஊரே பார்த்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள். அங்கேயே கழிவறையில் நின்றபடி போனேன். எரிந்தது. ஆனால் வந்தது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கத்தி வைக்காமலே ஆறிடுச்சு."

"நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சேன்லா, அதான்."

"உடைச்சுக்கோ. குழாயைக் கழற்றாம வச்சிருந்தது நான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.