கழுவிக்கொண்டு போன கால்

போன வியாழக்கிழமை மட்டும் மூன்று முறை கால் கழுவினேன். சோப்பு போட்டு ஒருமுறை, குதிகாலைக் கல்லில் தேய்த்து ஒருமுறை, நகம் வெட்டிவிட்டு ஒருமுறை.

"இன்னாங்க, உங்கள மாப்ள பாக்க யாராச்சும் வராங்களா?" என்றாள் மனைவி.

பெரிய வியாழன் இல்லையா? இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்று சாயங்காலம் எங்கள் சபையில் ஆயர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார். அதில் நானும் ஒருவன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு - பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைப் பளபளவென்று கழுவிக்கொண்டுதான் போவார்கள். அழுக்குக் காலை ஆயர் கையில் கொடுப்பது மரியாதையா? கடைசியில் கால் கழுவிய பேசினைப் பார்த்தால், தண்ணீர் அப்போதுதான் குழாயில் பிடித்த மாதிரி இருக்கும்.

அன்றைக்கு இன்னொரு விசேஷம். என் மகள் ஜெனி போன மாதம்தான் திடப்படுத்தல் பெற்றாள். அது ஆனால்தான் எங்கள் சபையில் திருவிருந்து எடுக்கலாம். அன்றுதான் முதல்முறையாகத் திருவிருந்து எடுக்கப் போகிறாள். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கி... எத்தனை நாள் கனவு! அதற்கென்றே வெள்ளைப் பட்டு தறியில் சொல்லி நெய்து வாங்கியிருந்தேன். காஞ்சிபுரத்தில் பார்டர் டிசைன் போட்டுப் பிழைக்கிறவன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

இட்லியைப் பிட்டுக்கொண்டே ஜெனி சொன்னாள்: "நான் இன்னிக்கு எடுக்கல பா."

"ஏன்மா, உடம்பு சரியில்லியா?"

"தேவராஜ் அங்கிளுக்கு நீங்க இன்னும் சாரி சொல்லல."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

தேவராஜ் எங்கள் ஆலயத்தைப் பெருக்கி, மணி அடித்து, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி வைப்பவர். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். போன மாதத் திருவிருந்தில் திராட்சை ரசம் பற்றவில்லை. கடைசி இரண்டு வரிசைக்கு அப்பம் மட்டும்தான். சபைச் செயலாளர் நான்... மானம் போன மாதிரி இருந்தது. ஆராதனை முடிந்ததும் ஆயர் அங்கி மாட்டும் வெஸ்ட்ரி அறை வாசலில், அத்தனை பேர் எதிரில் அவரைக் கேட்டேன்: "குடிச்சிட்டியாபா?"

அவர் மேசைத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வீட்டில் பழைய கப்பில் தண்ணீர் பிடித்துப் புதிய கப்பில் ஊற்றிப் பார்த்தேன். முக்கால்வாசிதான் நிறைந்தது! ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் அந்தக் குட்டி ஸ்டீல் கப்புகளைக் கடை கடையாக ஏறிப் புதிதாக வாங்கியவன் நான்தான். ரசம் மட்டும் பழைய அளவிலேயே காய்ச்சியிருக்கிறார்கள். நிமிர்ந்தால், எதிரே ஜெனி நின்றுகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம தனியா கூப்ட்டு சொல்லிடறேன்மா" என்றேன்.

"எல்லார் எதிர்லயும் திட்டிட்டு, தனியா சாரியா?"

"சரி, தப்பு என்னுது. நீ ஏன் எடுக்காம இருக்கணும்?"

"எனக்கும் தெரியுமில்ல? தெரிஞ்சும் வாய மூடிக்கினுதானே இருந்தேன். யார்கிட்டயாவது மனஸ்தாபம் இருந்தா, மொதல்ல அத சரி பண்ணிட்டு வாங்கன்னு கிளாஸ்ல எத்தன வாட்டி சொன்னீங்க!"

ஆமாம்... திடப்படுத்தல் வகுப்பு எடுத்ததும் நான்தான். எட்டு வாரம்.

நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறோம். சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

பகல் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்த அன்னப்பட்சிக்கு மூன்று கால் வந்தது. சாயங்காலம் பங்குனி உற்சவக் கூட்டத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு ஆலயம் போய்ச் சேர்ந்தோம். ஜெனி வெள்ளைப் பட்டு கட்டியிருந்தாள்.

பன்னிரண்டு நாற்காலிகளில் என்னுடையது ஏழாவது. ஆயர் ஒவ்வொருவர் முன்னாலும் முழந்தாளிட்டு வர, பின்னாலேயே வெந்நீர்ச் செம்பும் துண்டுமாகத் தேவராஜ். சைக்கிளில் வந்த புழுதி அவர் காலில் அப்படியே இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் அவர் பெயர் ஒரு வருடமும் வந்ததில்லை. பட்டியல் எழுதுகிறவன் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆயர் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பைபிளில் சீடர் பேதுருவும் முதலில் இப்படித்தான் காலைக் கொடுக்க மறுப்பார். நான் அதை நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார் ஆயர். "பேதுரு வேலையெல்லாம் வேணாம், காலக் குடுங்க" என்றார். சபையே சிரித்தது. ஆயர் அங்கியில் மைக் குத்தியிருக்கிறது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. தேவராஜைப் பார்த்துக் கிசுகிசுத்தேன்: "அன்னிக்கு ரசம் பத்தாம போனது என்னாலதாங்க. நான் வாங்குன கப்பு பெருசு. மறுநாளே தெரியும்... சொல்லல. மன்னிச்சிடுங்க."

நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"தெரியும் சார்" என்றார் தேவராஜ். அதுவும் ஸ்பீக்கரில். "கப்பு கழுவறது நாந்தானே?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே..."

"ஏன் பத்தலன்னு நீங்க கேக்கலியே சார். குடிச்சிட்டியான்னுதானே கேட்டீங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து என் நாற்காலியைக் காட்டினேன். "நீங்க உக்காருங்க."

"வேணாம் சார். காலக் காட்டுங்க, வெந்நி ஆறிக்கினு இருக்குது."

உட்கார்ந்தேன். அவர் ஊற்ற, ஆயர் கழுவினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. ஜெனி எழவில்லை. நான் மட்டும் போய் வாங்கிவந்தேன். எல்லா வரிசையும் முடிந்த பிறகு, வழக்கம்போலக் கடைசி ஆளாகத் தேவராஜ் தனியாகப் போய் முழங்கால் போட்டார். அப்போதுதான் என் மகள் எழுந்தாள். நேரே போய் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டாள். அந்தப் புழுதிக் காலை ஒட்டி வெள்ளைப் பட்டின் ஓரம் தரையில் கிடந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையும்தான் - அந்த இடம் என்னுடையது அல்லவா? இன்னும்கூட அது மனதுக்குள் அறுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் பிடித்துக்கொண்டார். வரும் வருடத் திடப்படுத்தல் வகுப்பையும் நானே எடுக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவியிருக்கிறேன்.

பின்னே? இந்தக் காலத்துப் பிள்ளைகள், சொன்னால் கேட்டுவிடுகிறார்கள்!