சபாபதி சொன்ன ஒரே ஒரு ‘தானே’

செங்கல்பட்டு சர்வேயர், சந்தேகச் சக்கரவர்த்தி, சூரிய சந்திரர்களுக்கே சங்கிலி போட்டு அளந்த சபாபதி அண்ணன் காலமாகிவிட்டார். செய்தியைப் போனில் சொன்னவன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மகன். “அப்பா போய்ட்டாரு மாமா” என்றான். “நல்லாப் பாத்தியாடா?” என்று கேட்டுவிட்டேன். சபாபதியோடு பழகிய வாய், வேறெப்படிக் கேட்கும்? அவன் அழுகைக்கு நடுவே சிரித்தான். “ரெண்டு டாக்டர் பாத்துட்டாங்க மாமா. அப்பா இருந்தா மூணாவதா ஒருத்தரக் கேட்டிருப்பாரு.”

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் நிலத்தை அளப்பார். ஆபீஸில் உட்கார்ந்து நான் படம் போடுவேன். என் படத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. டீக்கடையில் தூள் விழுவதிலிருந்து கிளாஸ் கைக்கு வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். ஒருநாள் ரயில் நிலையத்தில் கடிகாரமும் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தைச் சொல்லின. உலகத்தார் மகிழ்ந்திருப்பார்கள். சபாபதி என் காதருகே குனிந்து, “ரெண்டும் பேசி வெச்சிகினு சொல்லுதுங்க” என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் ஜோசியம் பார்த்தார் என்பது எட்டாவது அதிசயம். அதிலும் கிரகங்களை அவர் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. அவருக்குப் பிடித்தவை அரபுப் புள்ளிகள். நம் ஜோசியர்களில் சிலர் சகம் என்கிறார்களே, அதுதான். எங்கே கற்றார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். எந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. ஆனால் விளக்கும்போது எருமைக்கும் புரியும்படி விளக்குவார். “சூரியன் ஒரு கல்லு, சந்திரன் ஒரு கல்லு. நடுவுல எவ்ளோ தூரம்னு அள. அதே தூரத்த லக்னத்துலேர்ந்து போடு. சங்கிலி முடியற எடத்துல கிரகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, வெறும் எடம். ஆனா ஒருத்தனோட அதிர்ஷ்டம் அங்கதான் குடியிருக்குது.” ஒரே ஒரு நிபந்தனை. பகலில் பிறந்தவருக்குச் சூரியனிலிருந்து சந்திரனுக்கு அளக்க வேண்டும். இரவில் பிறந்தவருக்குச் சந்திரனிலிருந்து சூரியனுக்கு.

அந்த நிபந்தனைதான் என் அக்கா மகள் செல்வியின் கழுத்துக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவிடந்தைப் பையன் ஒருவன், முட்டுக்காடு படகுத்துறையில் வேலை. செல்வியும் அவனும் மாமல்லபுரம் பஸ்ஸில் பார்த்துப் பேசி, விஷயம் பெரியவர்கள்வரை நல்லபடியாகவே வந்துவிட்டது. பையனின் அப்பா மட்டும், “சபாபதி சரின்னா சரி” என்றார். சபாபதி கணக்குப் போட்டார். செல்வியின் அதிர்ஷ்டப் புள்ளி லக்னத்துக்குப் பன்னிரண்டில், விரய வீட்டில் போய் விழுந்தது. வந்தது எதுவும் தங்காது என்று அர்த்தம். பையனின் அப்பா பேச்சை நிறுத்தினார். செல்வி சாப்பாட்டை நிறுத்தினாள்.

நான் சபாபதியின் முன்னால் போய், ஆயிரம் யானை பலத்தோடு வாதாடினேன். செல்வி பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில், அக்கா வீட்டில், சூரியன் கடலைவிட்டு எழுகிற சமயம். கடிகாரம் சாவி கொடுக்காமல் நின்றிருந்தது. “விடிஞ்சி பொறந்தா” என்று அக்கா சொன்னதை வைத்துத்தான் எல்லோரும் பகல் என்று எழுதிவிட்டார்கள். சூரியன் தலைகாட்டுவதற்கு முன்பே பிறந்திருந்தால் அது இரவுக் கணக்கு. புள்ளி அப்படியே தாவி இரண்டாம் வீட்டுக்கு, குடும்ப வீட்டுக்கு வந்துவிடும்.

“இன்னாய்யா மணி, போன வாரம் பகல்ல பொறந்த பொண்ணு இந்த வாரம் ராத்திரில பொறந்துட்டாளா?” என்றார். “நீ சொன்னா ஞாயித்துக்கிழமையக் கூட நான் காலண்டர்ல பாத்துதான் நம்புவேன்.”

ஆனால் மறுநாள் சதுரங்கப்பட்டினத்துக்கு அவரே கிளம்பி வந்தார். அக்காவை, அவள் செல்வியைப் பெற்ற அறையிலேயே உட்கார வைத்தார். ஊரில் விடிந்தது என்றால் மூன்று அர்த்தம் உண்டு என்றார். வானம் வெளுத்தாலும் விடிந்ததுதான், காக்கா கத்தினாலும் விடிந்ததுதான், பொழுது கிளம்பினாலும் விடிந்ததுதான். இதில் எது?

“புள்ளையப் பெத்துகினு இருந்தேன் அண்ணாத்த, பொழுதப் பாத்துகினா இருந்தேன்?” என்றாள் அக்கா.

அதற்குமேல் என்னை இருக்க விடவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் சாட்சி கெட்டுப்போகும் என்று சோடா வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடல் பக்க ஜன்னலில் அக்கா பிறை பார்த்திருக்கிறாள், அமாவாசைக்கு முந்தைய தேய்பிறை, நகக்கண் அளவு. பொழுது கிளம்பியிருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இரவு என்று ஒரே மூச்சில் சொன்னார். சோடாவைக் குடிக்கவில்லை. நான் வாங்கியது என்பதால் இருக்கலாம். அன்றே திருவிடந்தைக்குப் போய்ப் புள்ளியை மாற்றிச் சொன்னார். அடுத்த மாதமே கல்யாணம்.

அவருடைய காரியத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். பந்தலில் உட்கார்ந்து அந்தப் பிறையைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

“இன்னா பிறை? நான் கண்ணையே தொறக்கலடா அன்னிக்கு.”

“அப்புறம் எப்படிச் சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? ‘ஜன்னல்ல பிறை தெரிஞ்சுதுதானேம்மா’ன்னு அவருதான் கேட்டாரு. ஆமான்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?”

உங்களில் அவரோடு வயல்வரப்பில் நின்றவர்களுக்கு இப்போது விஷயம் புரிந்திருக்கும். எல்லைத் தகராறில் சாட்சியிடம் சபாபதி எப்படிக் கேட்பார்? “கல்லு எங்க?” என்று மட்டும். “இதுதானே கல்லு?” என்று ஒரு புது ஆள் ஒருமுறை கேட்டதற்கு, அன்றைய அளவையே ரத்து செய்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டவர். ‘தானே’ போட்டுக் கேட்டால் பதிலை நாமே சாட்சியின் வாயில் ஊட்டுகிறோம் என்பார். தப்பித் தவறி அந்தச் சொல் வருகிற வாய் அல்ல அது.

செல்வி முட்டுக்காட்டில் இருக்கிறாள். புருஷனோடு தினமும் சண்டை போடுகிறாள், தினமும் அவனுக்காகக் காத்திருந்து சாப்பிடுகிறாள். அவளுடைய புள்ளி இரண்டிலா பன்னிரண்டிலா என்று எனக்குத் தெரியாது. மேலே இருப்பவருக்கும் தெரியுமா என்பது என் சந்தேகம். அவர் அப்படிக் கேட்டதைக் கருணை என்று சொன்னால் சபாபதி என்னை அடிக்க வருவார். தவறு என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவருடைய சங்கிலியை ஆபீஸ் வைத்துக்கொள்ளட்டும், பஞ்சாங்கங்களை மகன் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு ‘தானே’ மட்டும் எனக்கு.