நர்சம்மாவின் காது

நான் வேலையில் சேரப் போன அன்று நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நியமனக் கடிதத்தை நீட்டினேன். ஒற்றை விரலை உயர்த்தி என்னை நிறுத்தினார். வெளியே வரிசையில் ஒரு குழந்தை விடாமல் இருமியது. கடைசியில் கூவுவதுபோல நீளமாக மூச்சை இழுத்தது. கண்ணைத் திறந்தார்.

“கக்குவான் இருமல். அந்தப் பிள்ளையைப் பின்பக்கம் தனியா உட்கார வைங்க.” பிறகுதான் என்னைப் பார்த்தார். “மருந்து குடுக்க வந்த பட்டதாரியா? போய்க் கையைக் கழுவிட்டு வாங்க.”

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அங்கே ‘பட்டதாரி’ என்பதே என் பெயராயிற்று.

இரண்டு அறை, ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். அவ்வளவுதான் அந்தச் சுகாதார நிலையம். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். ஆய்வகம் பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். “சளியை அனுப்பி ரிசல்ட் வர்றதுக்குள்ள பிள்ளை இருமி முடிச்சுப் பள்ளிக்கூடமே போயிடும்” என்பார் நர்சம்மா. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து காதை அடைத்துவிடுமாம். அதனால்தான் கண்ணை மூடுவது. டாக்டரும் அந்தக் காதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு தாய் ஆறு வாரக் குழந்தையோடு வந்தாள். “பால் குடிக்க மாட்டேங்குறாக்கா” என்று தொடங்கியவள் இருமினாள்.

“நீ இருமாதம்மா. பிள்ளை சத்தம் எனக்குக் கேக்கணும்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை இரண்டுமுறை மெல்ல இருமி அடங்கியது. கூவல் வரவில்லை.

“சாதாரணச் சளிதான். மூக்குக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கோ.”

எடுத்துக் கொடுத்தது நான். பச்சைக் குழந்தைக்குக் கூவி இழுக்க வலு இராது, உதடு நீலமாகி மூச்சே நின்றுபோகலாம் என்பது என் தேர்வில் வந்த கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். கையில் புட்டியோடு நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

நாலாம் நாள் அவள் மட்டும் வந்தாள். குழந்தை இரண்டு நாள் முன்பே மூச்சு நின்று இறந்திருந்தது. வாசலைத் தாண்டுமுன் இருமத் தொடங்கி, குமட்டி, மூச்சை இழுத்தாள். அதே கூவல்.

“எத்தனை நாளா இது?” என்றார் நர்சம்மா.

“ரெண்டு வாரமா. அன்னைக்கு நீங்க இருமாதேன்னீங்க. அடக்கிக்கிட்டேன்.”

நர்சம்மா அவளுக்கான மருந்தைத் தாமே எண்ணிக் கட்டினார். வீட்டிலிருந்த மூத்த பிள்ளைக்கும் மருந்து வேண்டும் என்று அவளோடு அவள் வீடு வரை நடந்துபோனார்.

இப்போதும் அதே நிலையத்தில்தான் இருக்கிறார். நாற்காலி சன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. “வீட்ல வேற யாரு இருமுறாங்க?” என்பது முதல் கேள்வி. கைக்குழந்தை என்றால் வெளிச்சத்தில் பிடித்து அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நிறம் சற்று மாறினாலும் ஆக்சிஜன் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிடுவார்.

ஆனாலும் வெளியே இருமல் கேட்டால் இமை தானாகத் தாழ்கிறது. உடனே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.