சார்ஜென்ட் மனோகரன் விமானம் ஓட்டவில்லை

போன வாரம் வண்டியைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுச் செங்கம் ரோட்டில் நின்றிருந்தேன். மெக்கானிக் ஒரு தட்டில் கிருஷ்ணாயிலை ஊற்றிச் செயினைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் போனில் விமானப்படை தின வாழ்த்து அனுப்பினார். வாசனையும் வாழ்த்தும் சேர்ந்து வந்ததில் எனக்கு முகம் சுட்டது. அக்டோபர் எட்டு வந்தாலே எனக்கு இப்படித்தான். காரணத்தை வீட்டில்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு மாலைப் பத்திரிகைக்குத் திருவண்ணாமலைச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனா, வயது இருபத்துநாலு, தலைக்கனம் அதற்கும் மேலே. விமானப்படை தினத்துக்கு ஏதாவது எழுது என்று ஆசிரியர் சொன்னதும் ஆள் தேடிக் கிளம்பினேன். பட்டாளத்துக்காரர்கள் நம் பக்கத்தில் ஜாஸ்தி, விமானப்படையில் இருந்தவர்கள்தான் கம்மி. கடைசியில் கிடைத்தவர் மனோகரன். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் சின்ன விடுதி ஒன்றுக்கு மேனேஜர். பின்பக்கம் இரண்டு அறைகளில் மனைவியோடும் ஒன்பதாவது படிக்கும் மகள் சுதாவோடும் குடியிருந்தார்.

நான் போனபோது அவர் மனைவி பம்ப் ஸ்டவ்வில் காபி போட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்க கிருஷ்ணாயில் வாசனை. மனோகரன் சிரித்தார்.

"ஜெட்டுக்கு ஊத்தறதும் கிட்டத்தட்ட இதே வாசனைதான் தம்பி. அதான் எனக்கு இது புடிக்கும்."

பதினைந்து வருஷம் இன்ஜின் ஃபிட்டராக இருந்திருக்கிறார். விடியற்காலையில் எல்லோரும் வரிசையாக ஓடுபாதையில் குனிந்து நடந்து கல் பொறுக்குவார்களாம். "ஒரே ஒரு கல்லு உள்ள போச்சுன்னா இன்ஜின் காலி. மேல போறவன் உசுரு நம்ம கையில." ஒருநாள் வேலை முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒரு ஸ்குரூடிரைவர் குறைந்ததாம். அது கிடைக்கும்வரை ஒரு விமானத்தையும் கிளப்பவில்லை. எல்லாரும் புல்லில் மண்டியிட்டுத் தேடினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கை தரையைத் தடவிக்கொண்டிருந்தது.

எனக்கோ சப்பென்று போய்விட்டது. கல் பொறுக்கினதை யார் படிப்பார்கள்? அறைக்கு வந்து எழுதினேன்: 'எதிரி விமானத்தை வானில் விரட்டிய திருவண்ணாமலை சிங்கம்'. சிங்கம் நான் சேர்த்தது. வானமும் எதிரியும்கூட.

விமானப்படை தினத்துக்கு இரண்டு நாள் முன்பே செய்தி வந்துவிட்டது. மறுநாளே சுதா படித்த பள்ளியிலிருந்து அவரை விமானப்படை தின விழாவுக்கு அழைத்தார்கள். அவர் வீட்டில் அந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. எழுதின நானும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, ஒன்றும் தெரியாமல் மேடை ஏறினார். தலைமையாசிரியர் என் செய்தியை மைக்கில் வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எழுந்தார்.

"எந்த ஃபிளைட் சார் ஓட்டுனீங்க?"

"நான் ஓட்டலைங்க. ஃபிட்டருங்க. ரன்வேல கல்லு பொறுக்குவோம்..."

பிள்ளைகள் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"அப்போ பேப்பர்ல போட்டிருக்கே?"

மனோகரன் என்னைப் பார்த்தார். சுபேதாருக்கு நாலு நாற்காலி தள்ளி, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கினேன். என்ன கிறுக்கினேன் என்று நினைவில்லை.

"நான்தான் சரியா சொல்லலை போலிருக்குங்க," என்றார் அவர்.

மாணவிகள் வரிசையில் சுதா தலை நிமிரவே இல்லை.

இரண்டு நாள் கழித்து என் அறைக்கு வந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "ஒரு திருத்தம் போட்டுடுங்க தம்பி. பாப்பாவ கல்லு பொறுக்கின்னு கூப்பிடறாங்களாம். ஸ்கூலுக்குப் போமாட்டேங்குது."

"போட்டுடலாம் சார்," என்றேன்.

போடவில்லை. ஆசிரியரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஆசிரமத்துப் பக்கம் செய்தி இருந்தால்கூட அவர் விடுதி இருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவர்கள் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பத்து வருஷத்தில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. விடுதியை இடித்து மூன்று மாடி லாட்ஜ் கட்டினார்கள். ஒருநாள் துணிந்து எதிர்க்கடைக்காரரிடம் விசாரித்தேன். "இங்க மேனேஜரா இருந்தாரே மனோகரன், எங்க இருக்காருன்னு தெரியுமாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "யாரு, பைலட்டுன்னு பேப்பர்காரன்கிட்ட பொய் சொல்லி மாட்டிக்கினாரே, அவரா? எங்க போனாங்கன்னு தெரியலைங்க."

"ஆமாங்க, அவர்தான்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.