பச்சைக்கோட்டார் கட்சி

அந்துருண்டை, வாசனைச் சோப்பு, கப்பல் எண்ணெய் மூன்றும் கலந்த வாடை ஒன்று உண்டு. ஜெய்னபுவின் வாப்பா பினாங்கிலிருந்து வந்து இரும்புப் பெட்டியைத் திறக்கும் நாளில் பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவின் பாதிவரைக்கும் அது அடிக்கும். பெரியவர்கள் கைலிக்கும் கண்ணாடி டம்ளருக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் ஜெய்னபுவும் டம்ளர்கள் உடையாமலிருக்க அவற்றைச் சுற்றியிருந்த காகிதத்துக்காகக் காத்திருப்போம். பறக்கிறவர்களும் குதிக்கிறவர்களும் அடித்துக்கொள்கிறவர்களுமாகப் பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் கொட்டிக் கிடக்கும் ஆங்கிலப் படக்கதைகள் அவை. வீட்டில் அவற்றுக்குப் பெயர் "பொம்மப் பொஸ்தவம்". "பொழுதன்னிக்கும் பொம்மப் பொஸ்தவம் பாக்குற பொட்டப்புள்ளைக்குப் புத்தி எங்கேருந்து வரும்?" என்பாள் அம்மா. அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் என்றால் எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். படத்தில் ஆட்களின் வாயருகே வட்டம் போட்டு ஏதேதோ எழுதியிருப்பார்கள். அதை நாங்கள் சட்டை செய்ததே இல்லை. படம் இருக்கும்போது எழுத்து எதற்கு? கசங்கியது, கிழிந்தது எல்லாம் போக அட்டையில்லாத ஒரே ஒரு புத்தகம் மட்டும் முழுசாகத் தேறியது. வெள்ளாற்றங்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தோணியின் மேல் உட்கார்ந்து, அந்த ஒற்றைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முழுக்கச் சண்டை போட்டோம்.

கதையில் இரண்டு பேர். ஒருவன் முதுகில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பறப்பான். "போர்வைக்காரன்" என்று பெயர் வைத்திருந்தோம். ஜெய்னபு அவன் கட்சி. கடல் தாண்டிப் போன வாப்பாவைப் பார்க்க வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பவளுக்குப் பறக்கத் தெரிந்தவனைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. எனக்குப் பிடித்தவர் மற்றவர். ஒல்லியாய், பச்சைக் கோட்டுப் போட்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி மாட்டியிருப்பார். பறக்கமாட்டார், யோசிப்பார். மேசை நிறையக் குழாயும் கம்பியும் வைத்து ஏதாவது செய்துகொண்டே இருப்பார். அவரை "அவன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பச்சைக்கோட்டார்" என்றுதான் சொல்வேன்.

"ஒங்காளு ஒரு அடிக்குத் தாங்கமாட்டாரு, வசந்தா. எங்காளு மலையையே தூக்குவான்" என்பாள் ஜெய்னபு.

"தூக்கி? குளிர்சொரம் வந்தவனாட்டம் போர்வையோட அலையுறான். பசிச்சவனுக்கு ஒரு புடி சோறு போட்டிருக்கானாடி அவன்?" என்பேன்.

பச்சைக்கோட்டார் சோறு போட்டார். படத்திலேயே இருந்தது. நடுப்பக்கத்தில் ஒரு பெரிய கிடங்கு, தடித்த இரும்புக் கதவு. அவர் ஒரு கருவியால் கதவைத் திறந்து உள்ளேயிருந்து மூட்டை மூட்டையாக எடுத்து வருவார். மூட்டைகளின் மேல் வளைந்த எழுத்தில் ஏதோ கம்பெனி முத்திரை. அரிசிக்கு ஊரே திண்டாடிக்கொண்டிருந்த காலம். கிடங்குக்குள் பூட்டி வைத்திருப்பது பதுக்கல் அரிசியைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? அடுத்த படத்தில் அவர் மூட்டையோடு ஓட, பின்னால் ஊர்ச்சனம் முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டு ஓடிவரும். நல்ல மனிதர் ஒருவர் வந்தால் பின்னால் கூட்டம் கூச்சலிட்டு ஓடாதா என்ன? கடைசிப் படத்தில் அவர் கம்பிக்குப் பின்னால் நிற்பார். அதோடு என் கட்சி ஜெயித்துவிடும். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த தலைவர்கள் அத்தனை பேரும் ஜெயிலுக்குப் போனவர்கள். நல்லவர்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுதான் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர்களே இந்தப் பெரியவர்கள்தானே!

சிதம்பரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன், சாயங்கால ரயிலில் இறங்கி வரும்போது சில நாள் தோணியருகே நின்று எங்கள் வழக்கைக் கேட்பான். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் ஒரு நாள்கூடக் குறுக்கே பேசியதில்லை. "பச்சைக்கோட்டார் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான்.

அறுபத்தைந்தில் இந்தியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது அவனும் போனான். பிடித்துக் கடலூர் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அந்த வேலை என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவர் வீட்டில் வாய் திறப்பதையே விட்டுவிட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் சிலர் "புள்ளன்னா இப்பிடி இருக்கணும்" என்றார்கள். சிலர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். எனக்கோ கொஞ்சமும் கவலையில்லை. கம்பிக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று எனக்குத்தான் தெரியுமே!

அந்த வாரத்தில்தான் அத்தை, கடலூரிலிருந்து ஆறுதல் சொல்ல வந்தாள்; கூடவே அவள் மகன் குமாரும் வந்தான். என்னைவிட மூன்று வயது பெரியவன், கான்வென்ட்டில் படிக்கிறவன். ஷூ போட்டுக்கொண்டே தோணியில் ஏறினான். புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அய்யய்யோ, இவனையாடி பெரிய மனுஷன்னு கும்புட்டீங்க? இவன் திருடன்டி! இது அரிசிக் கெடங்கு இல்ல, பேங்க்கு. மூட்டையில இருக்குறது பணம். பின்னால ஓடியாறவங்க 'புடி, புடி'ன்னு கத்துறாங்க. போர்வைக்காரன்தான் ஹீரோ. அவன் புடிச்சுக் குடுத்துத்தான் இவனை ஜெயில்ல போட்டாங்க."

ஒரு வருஷமாக நான் சொன்ன கதை முழுக்கத் தப்பு என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவன் அடுத்துச் சொன்னதுதான் சுட்டது.

"ஜெயிலுக்கு என்னா நல்லவங்களா போவாங்க? திருடனுங்கதான் போவானுங்க. ஒங்க அண்ணன் போயிருக்குறதும் அங்கதானே."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆனால் சொல்வதற்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுத்து அவன் பக்கம் இருந்தது. அவனுக்கு ஆங்கிலம் தெரியும், எனக்குத் தெரியாது. பச்சைக்கோட்டார் திருடன் என்றால், கம்பிக்குப் பின்னால் இருக்கும் என் அண்ணன் யார்? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

அப்போது ஜெய்னபு எழுந்தாள். வழக்கில் அவள் பக்கம் ஜெயித்துவிட்ட நேரம் அது. அவளுடைய போர்வைக்காரன்தான் உண்மையான வீரன் என்று கான்வென்ட்டே சொல்லிவிட்டது. அவள் குமாரின் கையிலிருந்து புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இது எங்க வாப்பா கொண்ணாந்த பொஸ்தவம். இதுல நாங்க சொல்றதுதான் கதை. நீ படிச்சது தப்பு."

"எழுதியிருக்குடி!"

"எழுதுனவனுக்குத் தெரியல. பச்சைக்கோட்டாரு அரிசிதான் எடுத்தாரு. போர்வைக்காரன் ஆளு தெரியாம புடிச்சுக் குடுத்துட்டான். நாளைக்கு அவனே பறந்துபோயி, கம்பியை வளைச்சு, மன்னிப்புக் கேட்டு அவரை வெளிய கூட்டியாருவான். கெளம்பு நீ."

தன் வீரனை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டாள்! ஒரு வருஷமாக அவன் பெயரில் ஒரு குறை சொல்ல விடாதவள், எனக்காக ஒரே மூச்சில் அவன் தலையைக் குனிய வைத்தாள். அதைவிடப் பெரிய சாகசத்தை எந்தப் படக்கதையிலும் நான் பார்க்கவில்லை. குமார் "பைத்தியங்க" என்று சொல்லிவிட்டு, ஈர மணலில் ஷூ புதையப் புதையப் போனான்.

அடுத்த வாரம் அப்பா என்னையும் கடலூருக்குக் கூட்டிப்போனார். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தாடியோடு நின்றான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் என்னைப் பார்த்து, "பச்சைக்கோட்டார் சௌக்கியமா?" என்றான்.

"வெளிய வந்துட்டாரு. போர்வைக்காரன் கம்பியை வளைச்சுக் கூட்டியாந்துட்டான்."

காவலர் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணன் புருவத்தைத் தூக்கினான். "அப்பிடியா? இங்கிலீஷ்ல அப்பிடி இல்லியேம்மா."

அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

"இங்கிலீஷ்ல என்னமோ எழுதிட்டுப் போறாங்க. நீ திருடன் இல்லியே?" என்றேன்.

"இல்ல."

"அப்ப அவரும் இல்ல."

அண்ணன் சிரித்தான். அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "சாப்பாடு ஒழுங்கா போடுறாங்களாடா?" என்று கேட்டார். அந்த மாதத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

அண்ணன் சில வாரங்களில் வந்துவிட்டான். அப்பாவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கான்வென்ட் ஷூவின் முன்னால் வாயடைத்து நின்றதை நான் மறக்கவில்லை. ஆங்கிலத்தை விழுந்து விழுந்து படித்தேன், பிறகு அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றேன். அதனால் நான் இழந்தது ஒன்று உண்டு: இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் எழுத்தில்தான் போய் விழுகிறது. வெறும் படத்தைப் பார்த்துக் கதை கட்டும் கண் எனக்குப் போய்விட்டது. அந்தத் தோணி இல்லை, பினாங்குக் கப்பல் இல்லை. அண்ணன் இல்லை. ஜெய்னபு போய் இரண்டு வருஷமாகிறது. எனக்காக எதிர்க்கட்சியிலிருந்து எழுந்து வர இனி யாருமில்லை.

குமார் இருக்கிறான். எங்கள் மூன்று பேருக்கும் உள்ள அந்தப் பழைய கணக்கைத் தீர்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. போன மாதம் இணையத்தில் எங்கேயோ அந்தப் படக்கதையைத் தேடிக் கண்டுபிடித்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை என் போனுக்கு அனுப்பியிருந்தான். "இப்ப ஒனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, படிச்சுப் பாத்துட்டு ஒத்துக்கோ" என்று கீழே ஒரு வரி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வட்டம் விடாமல் படித்தேன். பேங்க்தான். பணம்தான். 'பிடி, பிடி' என்றுதான் கத்துகிறார்கள். பச்சைக்கோட்டார் பேசுகிற பேச்சு ஒவ்வொன்றும் கேடுகெட்ட பேச்சு. கடைசிவரை படித்துவிட்டுக் குமாரைப் போனில் கூப்பிட்டேன்.

"என்னா, படிச்சியா?" என்றான், குரலில் அத்தனை சந்தோஷம்.

"படிச்சேன் குமாரு. இங்கிலீஷ்ல மொழிபெயர்ப்பு சரியில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.